‘கேட்டில்’ என்னும் சொல்லும் நம் சங்கப் பத்திரங்களும்

சென்ற ஆண்டு மழைக்காலம் ஓய்ந்த நாட்களில், காலாப்பட்டை அடுத்த பிள்ளைச்சாவடிப் பக்கத்தில் ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். அங்கத்தினரான ஓர் அம்மையார் கையில் ஒரு கடிதத்துடன் வாயிற்படியருகே வெகு நேரம் நின்றுகொண்டிருந்தார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. மொத்தம் நான்கே வரிகள். அவருடைய கறவை எருமை பாம்பு தீண்டி இறந்துபோயிற்று. காப்பீட்டுத் தொகை கேட்டு மனுச் செய்திருந்தார். அதற்கு வந்த பதில் அது. பாலிசியில் குறிக்கப்பட்ட பிராணி மாட்டினத்தைச் சேர்ந்தது என்றும், கால்நடை மருத்துவர் சான்றளித்துள்ள பிராணி எருமை என்றும், இரண்டும் வேறாதலால் இழப்பீடு கொடுப்பதற்கில்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

நான் படித்துச் சொன்னவுடன் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எருமையும் மாடுதானே, ஐயா? இல்லாவிட்டால் எருமை மாடு என்று எதற்குச் சொல்லுகிறோம்?”

என்னிடம் அப்பொழுது விடை இல்லை. அதைவிட வருத்தமான விஷயம், அந்தப் பாலிசி மனுவை ஆங்கிலத்தில் பூர்த்தி செய்தவனே நான்தான். கடன் முகாம் ஒன்றில் கூட்டம் நெருக்கியடித்த வேளையில், எழுதத் தெரிந்தவர் ஆளுக்குப் பத்து மனுக்களை எழுதினோம். அம்மையாரின் தமிழ் மனுவில் ‘கறவை மாடு ஒன்று’ என்று இருந்தது. பிராணியின் வகையைக் கேட்கும் கட்டத்தில் நான் ‘கேட்டில்’ என்று எழுதினேன். இனத்தைக் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டேன். மாடு என்றால் கேட்டில். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். பட்டம் பெற்றவன் என்ற நினைப்பில் அகராதியைப் புரட்டவும் தோன்றவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்து நான் அறிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன். நெசவாள அங்கத்தினர்கள், ‘இது மாடு வைத்திருப்பவர் பாடு’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவர்களுடைய தறியும் இந்தச் சொல்லுக்கு ஒரு வகையில் உறவுதான்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீன் மொழியில் ‘காப்புட்’ என்றால் தலை. தலையாயது, முதன்மையானது என்ற பொருளில் அதிலிருந்து ‘காப்பிட்டாலே’ என்ற சொல் பிறந்து, இடைக்கால ஐரோப்பாவில் ஒருவனுடைய மூலப் பொருள், சொத்து என்பதைக் குறித்தது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்று குடியேறியபொழுது அவர்கள் பேசிய வடபிரெஞ்சு வழக்கில் இச்சொல் ‘கத்தெல்’ என்று திரிந்திருந்தது. அதுவே ஆங்கிலத்தில் ‘கேட்டில்’ ஆயிற்று. பிரான்சின் நடுப்பகுதியார் அதையே ‘சத்தெல்’ என்று உச்சரித்தனர். அந்த உச்சரிப்பும் பின்னால் இங்கிலாந்துக்கு வந்து ‘சாட்டல்’ என்ற சட்டச் சொல்லாக நின்றது; அசையும் சொத்து என்பது அதன் பொருள். லத்தீன் வடிவம் அதிகம் சிதையாமல் வந்து சேர்ந்தது ‘கேப்பிட்டல்’. நம் சங்கத்தின் ஐந்தொகையில் பங்கு மூலதனம் என்று எழுதுகிறோமே, அதே கேப்பிட்டல். ஆகக் கேட்டில், சாட்டல், கேப்பிட்டல் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தொடக்கத்தில் கேட்டில் என்ற சொல்லுக்கு மாட்டோடு தனிப்பட்ட சம்பந்தம் எதுவும் இல்லை. சொத்து என்பதே அதன் பொருள். கிராமத்தானுடைய சொத்தில் பெரும்பகுதி நான்கு காலில் நடந்ததால், சொல்லும் நாளடைவில் அதன் பின்னாலேயே நடந்துபோய்க் கொட்டிலில் படுத்துக்கொண்டது.

தமிழில் இதே கதை எதிர்த்திசையில் நடந்திருப்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. அங்கே சொத்து மாடாயிற்று. இங்கே ‘மாடு’ என்னும் சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளாகிய நானூறாம் குறளில் ‘மாடு’ செல்வம் என்ற பொருளில்தான் வருகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த நம்மில் பலர் அதைக் கவனித்திருக்கமாட்டோம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட, தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களுள் ஒன்று ‘ஆகோள்’ என்ற சொல்லைத் தாங்கி நிற்கிறது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது என்று தொல்லியலார் கருதும் அக்கல், மாட்டுக்காக உயிர்விட்ட ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. சொத்துக்காகச் செத்தான் என்று இன்றைய மொழியில் சொன்னாலும் அதில் பிழை இல்லை.

‘முதல்’ என்ற நம் சொல்லையும் பாருங்கள். முதலும் வட்டியும் என்கிறோம். முதல் என்றால் தலைப்பில் நிற்பது. லத்தீன்காரன் தலையிலிருந்து மூலதனத்துக்கு வந்த அதே வழி. மாட்டுக்காரர் பேச்சிலும் அந்தத் தலை இருக்கிறது. முதல் முறை கன்று ஈன்ற பசுவைத் ‘தலையீற்று’ என்றே சொல்லுகிறார்கள். வட்டியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பண்டைக் கிரேக்கர் வட்டிக்கு வைத்த பெயர் ‘டோக்கோஸ்’. ஈன்ற குட்டி என்பது அதன் நேர்ப்பொருள். வட்டி குட்டி போடுகிறது என்று நம் அங்கத்தினர்கள் அலுத்துக்கொள்ளும்பொழுது அவர்கள் கிரேக்கம் பேசுகிறார்கள் என்று இனி எடுத்துக்கொள்ளலாம்.

நிற்க. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ‘கேட்டில்’ என்பது கேடு என்னும் சொல்லோடு ஏழாம் வேற்றுமை சேர்ந்தது போலவே தோன்றும். அந்த அம்மையாரின் காரியத்தில் அது கேட்டில்தான் கொண்டுபோய் விட்டது.

இப்பொழுது தறிக்கு வருவோம். நம் பழைய தஸ்தாவேஜுகளில் ‘ஸ்தாவர ஜங்கம சொத்துகள்’ என்று ஒரு தொடர் தவறாமல் வரும். ஸ்தாவரம் நிலைத்து நிற்பது, ஜங்கமம் இயங்குவது. நிலமும் வீடும் முன்னதில் அடங்கும். மாடும், நகையும், பாத்திரமும், பாவு நூலும், தறிமரமும் பின்னதில் அடங்கும். ஆங்கிலச் சட்டத்தின் ‘சாட்டல்’ ஏறக்குறைய நம் ஜங்கமம்தான். குழித்தறியில் குழி வீட்டோடு கிடக்கும். தறிமரங்களைக் கழற்றித் தோளில் எடுத்துச் செல்லலாம்.

கடன்பட்டவரின் ஜங்கமச் சொத்தை நீதிமன்றத்தின் மூலம் ஜப்தி செய்யலாம் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சிலவற்றை ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கைவினைஞர்களின் கருவிகளை ஜப்தி செய்யலாகாது. கடன்பட்டவர் விவசாயியாயின், அவருடைய உழவுக் கருவிகளையும், விவசாயியாக அவர் பிழைப்பு நடத்துவதற்கு எவை அவசியம் என்று நீதிமன்றம் கருதுகிறதோ அந்தக் கேட்டிலையும் விதைத் தானியத்தையும் ஜப்தி செய்யலாகாது. நெசவாளியின் கருவியும் உழவனின் மாடும் ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவ்விடத்தில் சட்டம் பசுவா எருமையா என்று கேட்கவில்லை. பிழைப்புக்கு அவசியமா என்றுதான் கேட்கிறது. எருமைக் கடாக்களைப் பூட்டி உழுகிறவருக்கு அவையும் பிழைப்புதான். கடனுக்கு ஈடாகவே எழுதிக் கொடுத்த பிராணியின் விஷயம் வேறு. அதை இக்கட்டுரையில் எடுக்கவில்லை.

ஆக, கேட்டில் என்ற சொல் எவ்வளவு அகலமானது? அது அது நிற்கும் காகிதத்தைப் பொறுத்தது. இதை நான் மூன்று காகிதங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தபிறகே உணர்ந்தேன்.

முதலாவது, 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் விளக்கப் பிரிவில் கேட்டில் என்ற சொல்லில் யானை, ஒட்டகம், எருமை, குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, கழுதை, பன்றி, செம்மறியாடு, வெள்ளாடு, அவற்றின் குட்டிகள் ஆகியவையும் அடங்கும் என்று எழுதப்பட்டிருக்கிறது. பயிருக்குச் சேதம் விளைவித்த யானையைப் பட்டியில் அடைக்கப் போகிறவருடைய நிலையை எண்ணினால் சிரிப்பு வருகிறது. ஆனால் சட்டத்தை எழுதியவருடைய நோக்கத்தில் குறையில்லை. நெற்பயிரை மேய்ந்தது எதுவானாலும் நிலத்துக்காரனுக்கு நஷ்டம் ஒன்றே. ‘என் ஆடு கேட்டில் இல்லை’ என்று ஒருவர் வழக்காடிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு நீண்ட பட்டியல். ஆங்கிலத்தில் குதிரையையும் பன்றியையும் சேர்த்துக் கேட்டில் என்று வழங்கிய பழைய காலத்தின் எச்சமும் அதில் இருக்கிறது.

இரண்டாவது, கால்நடைக் கணக்கெடுப்பு. 2019ஆம் ஆண்டில் நடைபெற்ற இருபதாவது கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கேட்டில் ஏறக்குறைய 19 கோடியே 25 லட்சம்; எருமை ஏறக்குறைய 10 கோடியே 98 லட்சம். இரண்டும் தனித்தனி வரிசை. அங்கே கேட்டில் என்றால் பசு, காளை, எருது, அவற்றின் கன்றுகள் மட்டுமே. எருமைக்கு அதில் இடமில்லை. எருமையையும், வடகிழக்கு மலைகளில் உள்ள மிதுன், இமயப் பகுதியின் யாக் ஆகியவற்றையும் கேட்டிலோடு சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ‘போவைன்’ என்ற வேறு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆடு, பன்றி எல்லாவற்றையும் சேர்த்தால் ‘லைவ்ஸ்டாக்’. அதுவே நாம் கால்நடை என்று மொழிபெயர்ப்பது.

இது உத்தியோகஸ்தர்களின் பிடிவாதம் என்று எண்ணுதல் கூடாது. விலங்கியல் அறிந்தவர்கள் எருமையை வேறு பேரினத்தில் வைக்கிறார்கள். பசுவின் உயிரணுவில் குரோமோசோம்கள் 60. முர்ரா முதலிய ஆற்று எருமையில் 50. பசுவும் எருமையும் கலந்து கன்று பிறப்பதில்லை. ஜெர்சிக் காளையின் விந்து நம் நாட்டுப் பசுவுக்குப் பயன்படுகிறது, எருமைக்குப் பயன்படாது. பாலும் வேறு. பசும்பாலில் கொழுப்பு பெரும்பாலும் நூற்றுக்கு நான்கையொட்டி நிற்கும். எருமைப்பாலில் ஆறு ஏழு வரை ஏறும். கொழுப்பைப் பார்த்து விலை போடும் சங்கத்தில் இது எவ்வளவு பெரிய வேற்றுமை என்று பால் ஊற்றுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் மட்டும் பசு மாடு, எருமை மாடு, காளை மாடு என்று எல்லாவற்றையும் ‘மாடு’ என்னும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறோம். தமிழில் அது தவறில்லை. அந்தக் கயிற்றோடு ஆங்கிலப் படிவத்துக்குள் நுழைந்ததுதான் என் தவறு.

மூன்றாவது காகிதம் பாலிசி. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

இடையில் இலக்கணம் பற்றி இரண்டு வார்த்தை. கேட்டில் என்பது பன்மையிலேயே வழங்கும் சொல். ஒரு மாட்டை ‘எ கேட்டில்’ என்று எழுதுவதும், பல மாடுகளைக் ‘கேட்டில்ஸ்’ என்று எழுதுவதும் பிழை. சங்கங்களின் கடன் பதிவேடுகளில் இவ்விரண்டையும் நான் கண்டிருக்கிறேன். சிலவற்றில் என் கையொப்பமும் கீழே இருக்கிறது. எண்ணிச் சொல்ல வேண்டுமாயின் ‘பத்துத் தலைக் கேட்டில்’ என்ற பாங்கில் சொல்லுவார்கள். நாம் உருப்படி என்று சொல்லுவது போல அவர்களுக்குத் தலை. அச்சொல்லின் மூலமே தலை என்று கண்டோமல்லவா? ஆக அவர்கள் தலையைத் தலையால் எண்ணுகிறார்கள். ஆணா பெண்ணா என்று சொல்லாமல் ஒரே ஒரு மாட்டைக் குறிக்க ஆங்கிலத்தில் அன்றாட வழக்கில் நல்ல சொல் ஒன்று இல்லை. அவர்களும் பொதுவாகக் ‘கௌ’ என்றே சொல்லி ஒப்பேற்றுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் ‘மாடு’ எவ்வளவோ மேல்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதியில் வாழும் நாம் இச்சொல்லின் இன்னொரு உடன்பிறப்பையும் மறந்துவிடலாகாது. ‘ஷெப்தெல்’ என்பது அது. அதே காப்பிட்டாலேயின் வழிவந்து, பிரெஞ்சு மொழியில் பண்ணையின் கால்நடை முதலைக் குறிக்கிறது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் ஷெப்தெல் குத்தகைக்கென்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. அச்சட்டம் 1819இல் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. ஒருவர் தம் கால்நடைகளை மற்றொருவரிடம் ஒப்படைக்கிறார். வாங்கியவர் மேய்த்து, தீனி வைத்து, பேணி வளர்க்கிறார். பெருக்கத்தில் பாதி அவருக்கு, நஷ்டத்திலும் பாதி அவருக்கு. நம் ஊர்களில் ‘வாரத்துக்கு மாடு விடுதல்’ என்று வழங்குவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலுக்கு அப்பால் வேறு பாஷையில் வேறு மாட்டுக்கு எழுதிய சட்டம், நம் கிடேரி வாரத்தை நேரில் பார்த்து எழுதியது போல இருக்கிறது.

அச்சட்டத்தின் 1811ஆம் பிரிவை நான் இருமுறை படித்தேன். பிராணிகள் அனைத்தும் வளர்ப்பவர் குற்றமின்றித் தற்செயலாக மடிந்தாலும் முழு நஷ்டத்தையும் அவரே தாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதினால் அது செல்லாது. லாபத்தில் தனக்குள்ள பங்கைக் காட்டிலும் நஷ்டத்தில் அதிகப் பங்கு தாங்க வேண்டும் என்று எழுதினாலும் செல்லாது. பாலும், எருவும், பிராணிகளின் உழைப்பும் வளர்ப்பவருக்கே உரியவை. கன்றும் கம்பளியும் மட்டுமே பங்கிடப்படும். வாய்மொழியாக வாரத்துக்கு மாடு வாங்கி, அது செத்ததும் முழு விலையையும் தலையில் சுமந்த குடும்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில், இப்பிரிவை எழுதியவர் மாட்டுக் கொட்டிலில் கால் வைத்தவராக இருந்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது. பண்ணைக் குத்தகையோடு சேர்த்து விடப்படும் மாடுகளுக்கு மட்டும் அதே சட்டம் வேறு விதி வைத்தது. குத்தகை முடியும்பொழுது அதே மதிப்புள்ள பிராணிகளை விட்டுச் செல்ல வேண்டும். அதற்கு ‘இரும்பு ஷெப்தெல்’ என்று பெயர். இரும்பு மாடு சாவதில்லையல்லவா!

பிரெஞ்சுக்காரர் பண்ணை முதலை உயிருள்ள ஷெப்தெல், உயிரற்ற ஷெப்தெல் என்று இரண்டாகப் பிரிப்பர். கால்நடை முன்னது, கலப்பை, வண்டி முதலியன பின்னது. ஆங்கிலேயரும் அவ்வாறே ‘லைவ் ஸ்டாக்’, ‘டெட் ஸ்டாக்’ என்றனர். நம் சங்கங்களில் நாற்காலி, பீரோ, தராசு ஆகியவற்றை எழுதி வைக்கும் ‘டெட் ஸ்டாக்’ பதிவேடு இருக்கிறதே, அதற்கு அப்பெயர் வந்த வழி இதுதான். செத்த சரக்கு என்று நினைத்துக்கொண்டு அந்தப் பதிவேட்டைத் தொடவே தயங்கிய ஒரு புதுக் காரியதரிசியை எனக்குத் தெரியும்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். மனுவில் ‘கேட்டில்’ என்றும் ‘மாடு’ என்றும் எழுதுவதை விட்டு, எந்தப் பிராணி என்று எழுத வேண்டும். வகை கேட்கும் இடத்தில் பசுவின் இனமானால் ‘கேட்டில்’, எருமையானால் ‘பப்பலோ’. அதன்பின், பருவமும் பாலும் குறிக்கும் சொற்கள். கன்று ஈனாத இளம் பெண் பிராணி ‘ஹெய்பர்’. நாம் கிடேரி என்போம். ஈன்றபின் அதே பிராணி ‘கௌ’. விந்துக்கு வளர்க்கும் பொலிகாளை ‘புல்’. காயடித்து வண்டிக்கும் ஏருக்கும் பழக்கிய எருதை நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘புல்லக்’ என்பர். ‘ஆக்ஸ்’ என்பதும் ஏறக்குறைய அதுவே. ‘ஸ்டீர்’ என்பது இறைச்சிக்காகக் காயடித்து வளர்ப்பது. மேல்நாட்டுப் புத்தகங்களில் வரும். நம் பத்திரங்களுக்கு வேண்டாம்.

கிடேரிக்கும் பசுவுக்கும் உள்ள வேற்றுமை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் சினைக் கிடேரியை வாங்கிக் கடன் எழுதியவர், அது ஈன்று கறவைக்கு வந்தபின் இறந்தால், பத்திரத்தில் ஹெய்பர், சான்றிதழில் கௌ என்று நிற்கும். இரண்டு சொல், ஒரே பிராணி. ஈன்றவுடன் சங்கத்துக்குத் தெரிவித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டால் இந்த வழக்குக்கு இடமிராது.

அடையாளம் எழுதும் இடத்தில்தான் நம் படிவங்கள் மிகவும் வறண்டு கிடக்கின்றன. ‘கறுப்பு, ஆறு வயது’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். நம் மாட்டுச் சந்தைத் தரகர் ஒருவர் அதே பிராணியைப் பார்த்தால் எத்தனை சொல்லுவார்! மயிலையா, செவலையா, காரியா, நெற்றியில் சுட்டி உண்டா, கொம்பு எப்பக்கம் வளைந்தது, சுழி எங்கே, இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா, தலையீற்றா, மூன்றாம் ஈற்றா. பல்லைப் பார்த்து வயது சொல்லுவது வெறும் சந்தைப் பேச்சு அன்று. பசுவுக்கு நிலைப்பற்களின் முதல் ஜோடி இரண்டு வயதையொட்டி முளைக்கத் தொடங்கி, எட்டும் நிறைவதற்கு ஐந்து வயதளவில் ஆகும். எருமைக்குச் சற்றுத் தாமதமாகும். வாய்வழக்கில் இருக்கும் இவ்வளவு நுட்பமும் பத்திரத்தில் ஏறுவதில்லை. தமிழில் அவ்வாறே எழுதுங்கள். ஆங்கிலப் படிவமாயினும் அடையாளக் கட்டத்தில் தமிழில் எழுதுவதை நான் ஒருபொழுதும் ஆட்சேபிக்கமாட்டேன். மொழிபெயர்ப்பது எங்கள் வேலை.

எல்லாவற்றுக்கும் மேல் காதில் உள்ள வில்லை. இப்பொழுது கால்நடைகளுக்குப் போடப்படும் அடையாள வில்லையில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கிறது. காப்பீட்டில் ‘வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை’ என்பது பழைய விதி. வில்லை அறுந்து விழுந்தால் அன்றே தெரிவித்து மறு வில்லை போட்டுக்கொள்ள வேண்டும். புது எண்ணைப் பாலிசியில் ஏற்றவும் வேண்டும்.

அந்த வில்லைதான் பிள்ளைச்சாவடி அம்மையாரைக் காப்பாற்றியது. எருமை இறந்த அன்றே அவர் கால்நடை மருத்துவரை வரவழைத்து, வில்லையைக் காதோடு எடுத்துக் காட்டி, எண்ணைச் சான்றிதழில் எழுத வைத்திருந்தார். என்னைப் போல அவர் எந்தக் கட்டத்தையும் காலியாக விடவில்லை. பாலிசியில் இருந்த எண்ணும் சான்றிதழில் இருந்த எண்ணும் ஒன்றே.

அடுத்தது, முன்பு சொல்லாமல் வைத்த மூன்றாவது காகிதம். பாலிசியை முதற்பக்கத்தோடு நிறுத்தாமல் முழுவதும் படித்தேன். நம் நாட்டுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் ‘கேட்டில்’ பாலிசிகளில் அச்சொல்லுக்குப் பொதுவாக ஒரு விளக்கம் கொடுக்கப்பட்டிருக்கும். கறவைப் பசு, கறவை எருமை, கன்று, கிடேரி, பொலிகாளை, எருது, காயடித்த எருமைக் கடா ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இந்தப் பாலிசியிலும் அவ்வாறே இருந்தது. கணக்கெடுப்பில் எருமையை வெளியே நிறுத்திய அதே சொல், பாலிசியில் அதை உள்ளே கட்டி வைத்திருந்தது. கடிதம் எழுதியவர் கணக்கெடுப்பின் பொருளை எடுத்துக்கொண்டு பாலிசியைப் படித்திருக்கிறார். நானோ எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளாமலே எழுதியிருக்கிறேன்.

விளக்கப் பிரிவைச் சுட்டிக்காட்டி, வில்லை எண்ணின் நகலை இணைத்து, வகைக் கட்டத்தில் நேர்ந்தது பூர்த்தி செய்தவனின் பிழை என்று என் கையொப்பத்துடன் ஒரு விண்ணப்பம் அனுப்பினோம். இரண்டு நினைவூட்டுக் கடிதங்களுக்குப் பின் தொகை வந்தது. முதல் கடிதம் வந்த நாளிலிருந்து ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் கறக்க எருமை இல்லை. கடன் தவணை மட்டும் மாதந்தவறாமல் வந்தது. இரண்டு தவணைக்குக் காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டியிருந்தார். தோட்டை மீட்ட வட்டியைக் காப்பீட்டு நிறுவனமும் கொடுக்கவில்லை, சங்கமும் கொடுக்கவில்லை. அதைக் கொடுப்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

சென்ற மாதம் அவர் மறுபடியும் ஓர் எருமை வாங்கினார். மூன்றாம் ஈற்று, கடை சேர்ந்தது, நெற்றியில் சிறு வெள்ளைச் சுட்டி. மனுவை நானே எழுதினேன். எழுதி முடித்ததும் அவர் மேசையருகே வந்து, வகை என்ற கட்டத்தில் விரலை வைத்து, “இதைப் படியுங்கள், ஐயா” என்றார். பப்பலோ என்று படித்தேன். “அப்படியென்றால்?” என்றார். எருமை, அம்மா, என்றேன். அதன்பிறகே கைநாட்டு வைத்தார்.